மறு: வெல்ஃபார்ம்டு, வேலிட் ரெண்டுக்கும் ஒரே சொல் போதுமா?

> அண்ணே, கோயில் மண்டபத்துல நடக்கிற கம்ப்யூட்டர் வகுப்புக்கு தமிழ்ல குறிப்பு எழுதுறேன், எக்ஸ்எம்எல்ல (தகவலை டேக்னு சொல்ற அடையாளக் குறிகளுக்குள்ள எழுதுற முறை) வர்ற வெல்ஃபார்ம்டு வேலிட் ரெண்டுக்கும் "சரியான"ன்னே போட்டுட்டேன், போதும்தானே?

போதாது தம்பி. நீங்க மலேசியா சுங்கை சிப்புட்டுல வளர்ந்த புள்ள, தோட்டத்துல காலைல ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு பத்தி உங்க தாத்தாவே சொல்லியிருப்பாரு. விடிகாலைல எல்லாரும் வரிசையா நிக்கிறது ஒன்னு, கிராணி (தோட்டத்து கிளார்க்கு) செக்ரோல் புக்கை, அதான் வேலையாள் பேரேட்டைத் திறந்து பேரு இருக்கான்னு பார்க்கிறது வேற ஒன்னு. வரிசையில ஒழுங்கா நின்னாலும் புக்குல பேரில்லன்னா அன்னைக்கு கூலி கிடையாது.

போன வாரம் நீங்க அனுப்பின செம்பனை குலை கணக்கையே எடுத்துக்குங்க:

<எடை>ஒரு லோரி</எடை>

திறந்த டேக்கை மூடியிருக்கீங்க, எக்ஸ்எம்எல்லைப் படிக்கிற புரோகிராமான பார்சர் வாயே திறக்காது, ஆனா எதுல என்ன வரணும்னு விதி எழுதி வைக்கிற எக்ஸ்எஸ்டில எடைன்னா எண்ணுதான்னு எழுதியிருந்தா அங்க மாட்டிக்கும். அதனால என் யோசனை, முதல் வகை, அதாவது வெல்ஃபார்ம்டுக்கு "ஒழுங்கமைந்த", ரெண்டாவது, வேலிடுக்கு "விதிக்கமைந்த". விதி எழுதி வச்ச பைலுக்கு "விதிக்கோப்பு", டிடிடியும் எக்ஸ்எஸ்டியும் அதுல அடங்கிடும். என்ன, டிடிடி 1986ல வந்த எஸ்ஜிஎம்எல், அதான் எக்ஸ்எம்எல்லோட முன்னோடி, அது கிட்டேர்ந்து வந்த சொத்து, அதோட எழுத்துமுறையே தனி, எக்ஸ்எஸ்டி 2001ல வந்தது, அதுவே ஒரு எக்ஸ்எம்எல் பைல்தான். எக்ஸ்எஸ்எல்டி ஒரு எக்ஸ்எம்எல்லை இன்னொன்னா மாத்துறது, அதுக்கு "உருமாற்றி" போதும்.

வெப் பக்கம் எழுதுற எச்டிஎம்எல்லை இதுல சேர்க்காதீங்க. அதுல டேக்கை மூட மறந்தா பிரவுசர் பெரிய மனசு பண்ணி விட்டுடும், நம்ம இலக்கணத்துல தப்பா இருந்தாலும் ஏத்துக்கிறதை வழுவமைதின்னு சொல்ற மாதிரி. 1998ல வந்த எக்ஸ்எம்எல்லுக்கு அந்த மனசே கிடையாது, ஒரு டேக் மூடலன்னா அங்கேயே நின்னுடணும்னு அதோட ஸ்பெக்லயே, அதான் அதிகாரபூர்வ விதிமுறையிலயே இருக்கு.

> விதின்னா எங்க பாட்டி தலைவிதின்னுதான் நினைப்பாங்க. "ஏற்புடைய"ன்னு வச்சா என்ன?

யாருக்கு ஏற்புடையது? அதானே கேள்வி. ஒரே பைல் ஒரு விதிக்கோப்புக்கு ஒத்துப்போகும், இன்னொன்னுக்கு ஒத்துப்போகாது. "விதிக்கு"ன்னு சொல்லும்போதே எந்த விதின்னு கேட்கத் தோணும்ல, அதுக்காகவே அந்த சொல். "சீரமைந்த"ன்னு ஒருத்தர் சொன்னாரு, அது ரோடு சீரமைப்பு மாதிரி ரிப்பேர் வேலையா காதுல விழுது, வேணாம்.

வகுப்புல ஒன்னு செஞ்சு காட்டுங்க. வேர்டுல சேமிச்ச ஒரு டாக்எக்ஸ் பைலை காப்பி பண்ணி பேரு கடைசியில ஜிப்னு மாத்தி திறந்தா உள்ள எக்ஸ்எம்எல்லா கொட்டும். எஸ்விஜி படத்தை நோட்பேட்ல திறந்தா நேராவே தெரியும். நூறு விளக்கம் எழுதறதுக்கு இது மேல்.

> சரிண்ணே, ஒழுங்கமைந்த, விதிக்கமைந்த ரெண்டையும் குறிப்புல போட்டுட்டேன். இப்போ ஒரு லோரிக்கு எத்தனை டன்னுன்னு மாமாகிட்ட கேட்கணும், அவரு "லோரியைப் பொறுத்து"ங்கிறாரு.