5ஜி போன் வாங்கியும் 4ஜி மட்டுமே வருகிறது: சிம்மை மாற்ற வேண்டுமா?

கேள்வி

வணக்கம். தேனியில் இருக்கிறேன். சென்ற மாதம் பழைய போனைக் கொடுத்துவிட்டு 5ஜி போன் ஒன்று வாங்கினேன். எண்ணும் சிம்மும் பழையவைதான்; வழக்கமாகப் போடும் 84 நாள் திட்டத்தையே மறுபடியும் ரீசார்ஜ் செய்தேன். அதே நிறுவனத்தின் சிம் உள்ள என் மகனின் போன் வீட்டுக் கூடத்திலேயே 5ஜி காட்டுகிறது. அதன் பக்கத்தில் வைத்தாலும் என் போன் 4ஜியைத் தாண்டுவதில்லை. கடையில் சிம்மை மாற்றச் சொல்கிறார்கள். இதற்கிடையே யாரோ ஒருவர் அழைத்து, ஓடிபியைச் சொன்னால் சிம்மை 5ஜிக்கு மாற்றித் தருவதாகக் கூறினார்; நான் சொல்லவில்லை. மாற்றத்தான் வேண்டுமா?

பதில் 1

ஓடிபியைச் சொல்லாமல் விட்டது நல்லது, ஐயா. அப்படிக் கேட்பவர்கள் உங்கள் எண்ணைத் தங்கள் கையிலுள்ள சிம்முக்கு மாற்றிக்கொண்டு, வங்கியிலிருந்து வரும் ஓடிபிகளைப் பிடிப்பார்கள்.

சிம்மை மாற்ற வேண்டியதில்லை. 2022 அக்டோபரில் 5ஜி தொடங்கியபோதே, இருக்கும் 4ஜி சிம் போதும் என்று ஜியோவும் ஏர்டெலும் அறிவித்துவிட்டன. 3ஜி காலத்துச் சிம்மாக இருந்தால்தான் அந்தப் பேச்சு வரும். எனக்குத் திட்டத்தின் மேல்தான் சந்தேகம்: 2024 ஜூலையில் கட்டணங்கள் உயர்ந்தபோது, வரம்பற்ற 5ஜியை நாளுக்கு 2 ஜிபியும் அதற்கு மேலும் தரும் திட்டங்களுக்கு மட்டும் என்று இவ்விரு நிறுவனங்களும் சுருக்கிவிட்டன. உங்களுடையது நாளுக்கு எத்தனை ஜிபி? அமைப்புகளில் 'விருப்ப நெட்வொர்க் வகை' 4ஜியில் நிற்கிறதா என்பதையும் பாருங்கள்.

பதில் 2

போன் எந்தெந்த 5ஜி அலைவரிசைகளை ஏற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 5ஜி என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்ப முடியாது. நம் நாட்டில் பெரும்பாலும் ஓடுவது என்78, அதாவது 3,300 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைவரிசை. வேகம் அதிகம், ஆனால் சுவரைத் துளைத்து வருவதில் பலவீனமானது. என்28 என்பது 700 மெகாஹெர்ட்ஸ். வேகம் குறைவென்றாலும் வீட்டுக்குள் நன்றாக எட்டும். ஜியோ இவ்விரண்டையும் பயன்படுத்துகிறது. அதன் 5ஜி 4ஜியைச் சாராமல் தனித்து இயங்குவது என்பதால், அம்முறையைப் போன் ஏற்க வேண்டும். மென்பொருள் புதுப்பிப்பு பாக்கியிருந்தால் முதலில் அதைப் போட்டுவிடுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. என் திட்டம் நாளுக்கு 1.5 ஜிபி, மகனுடையது 2 ஜிபி. நெட்வொர்க் வகையும் 4ஜியில்தான் இருந்தது. பழைய போனின் அமைப்புகளை அப்படியே ஏற்றியபோது வந்ததாக இருக்கலாம். திட்டத்தில் இன்னும் 50 நாள் மீதி இருப்பதால் புதிய ரீசார்ஜ் வரிசையில் நிற்கும் என்றார்கள். எனவே ஓடும் திட்டத்தின் மேலேயே போடக்கூடிய 5ஜி மேம்பாட்டு பேக் ஒன்றை நிறுவனத்தின் செயலியில் வாங்கினேன். போனை அணைத்து எழுப்பியதும், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது 5ஜி வந்தது. படியிறங்கிச் சமையலறைக்குள் நுழைந்ததும் மறுபடி 4ஜி. என் போனின் விவரத்தாளில் என்78 இருக்கிறது, என்28 இல்லை. மகனின் போனில் இரண்டும் உண்டு.

பதில் 2

அப்படியானால் கூடத்தில் மகனுக்குக் கிடைப்பது 700ஆக இருக்கலாம். உங்கள் போனில் இல்லாத அலைவரிசையை எந்தச் சிம்மாலும் கொண்டுவர முடியாது, ஐயா. நெட்வொர்க் வகையை '5ஜி மட்டும்' என்று வைக்காமல், 4ஜியும் சேர்ந்த தானியங்கித் தேர்விலேயே விடுங்கள். இல்லையென்றால் சமையலறையில் இருக்கும் நேரமெல்லாம் போன் சிக்னலைத் தேடித் தேடிப் பேட்டரியைத் தீர்த்துவிடும்.

கேட்டவர்

வைத்துவிட்டேன். கடைக்காரரிடமும் சிம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.