புதுப்பிப்பு: பச்சையாகிப்போன நரை சரியாகிவிட்டது

மருதாணியையும் அவுரிப்பொடியையும் (நீலச் சாயம் தரும் இலைப்பொடி) எலுமிச்சைச் சாற்றில் ஒன்றாகக் குழைத்துப் பூசி, காதோர நரை பச்சையாகிவிட்டது என்று போன மாதம் புலம்பியிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது.

இந்த முறை இரண்டு கட்டமாகப் போட்டேன். முதல் நாள் இரவே குழைத்து வைத்த மருதாணி மட்டும் மூன்று மணி நேரம். அலசியதும் நரை பளிச்சென்று செம்பட்டையானது. பயப்படாதீர்கள், அந்தச் சிவப்பின் மேல்தான் கருப்பு ஏறும்.

அப்புறம் அவுரி. வெறும் வெதுவெதுப்பான நீர் போதும். புளிப்பு எதுவும் சேர்க்கக் கூடாது. குழைத்த 15 நிமிடத்தில் விழுதின் மேல்பரப்பில் நீலம் பாரித்தது, உடனே பூசிவிட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்து அலசியபோது மறுபடியும் லேசான பச்சை! மனசே கலங்கிவிட்டது. ஆனால் காற்றுப் பட்டு, இரண்டாம் நாள் நல்ல கரும்பழுப்பாகிவிட்டது. அதுவரை ஷாம்பு போடவில்லை.