செல் மூப்புக்குச் சவ்வுக் கொழுப்பு காரணமா, வெறும் அடையாளமா?

வைகைக்கரையான்:
மூப்பு என்றாலே டிஎன்ஏ, டெலோமியர் (குரோமோசோமின் நுனிப் பகுதி) என்றுதான் பேச்சு போகிறது. செல்லைச் சுற்றியிருக்கும் கொழுப்புச் சவ்வை யாரும் கண்டுகொள்வதில்லை. ஒரு விலங்கின் ஆயுளில் அந்தச் சவ்வு எந்தக் கொழுப்பால் ஆனது என்பதற்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கட்சி.

கொழுப்பு அமிலத்தில் கார்பன் அணுக்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்பு கூடக்கூடச் சவ்வு இளக்கமாக இருக்கும். ஆனால் ஆக்சிஜன் அதைச் சுலபமாகக் கெடுத்துவிடும். இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே உள்ள ஹைட்ரஜன்தான் முதலில் கழலும். ஒரு மூலக்கூறு கெட்டால் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும், அப்படியே தொடர்வினையாகப் போகும். ஆலிவ் எண்ணெயில் நிறைய உள்ள ஒலீயிக் அமிலத்தில் இரட்டைப் பிணைப்பு ஒன்று, மீன் எண்ணெயில் உள்ள டிஎச்ஏ என்ற கொழுப்பு அமிலத்தில் ஆறு. ஒலீயிக்கைவிட டிஎச்ஏ சுமார் 320 மடங்கு எளிதில் கெடும்.

இப்போது சுண்டெலியைப் பாருங்கள்: 3, 4 வருடம் வாழ்ந்தால் அதிகம். கிழக்கு ஆப்பிரிக்காவில் மண்ணுக்கடியில் வாழும் முடியில்லாத எலி இன விலங்கான நேக்கட் மோல் ரேட், உருவத்தில் கிட்டத்தட்ட அதே அளவுதான். 30 வருடத்தைத் தாண்டும். அதன் சவ்வுகளில் டிஎச்ஏ மிகக் குறைவு. தேனீயிலும் இதே கதை. ராணிக்கும் வேலைக்காரத் தேனீக்கும் மரபணு வேறுபாடு கிடையாது. வேலைக்காரி மகரந்தம் தின்னத் தொடங்கியதும் அதன் சவ்வில் இரட்டைப் பிணைப்புகள் நிறைந்த நிறைவுறாக் கொழுப்பு ஏறிவிடுகிறது, ராணிக்கு ஏறுவதில்லை. ராணி வருடக்கணக்கில் வாழ்கிறது, கோடைகால வேலைக்காரி சில வாரங்களில் போய்விடுகிறது.

சுடர்விழி:
வைகை சார், நீங்கள் சொன்ன அதே நேக்கட் மோல் ரேட்டின் திசுக்களை அளந்து பார்த்தார்கள். இளம் வயதிலேயே அதன் கொழுப்பில் ஆக்சிஜன் சேதம் சுண்டெலியைவிட அதிகம்! அவ்வளவு சேதத்தோடும் அது 30 வருடம் வாழ்கிறது. கெடாத சவ்வுதான் ஆயுள் தருகிறது என்றால் இது எப்படி?

தேனீக்கும் வருகிறேன். குளிர்காலத்தைக் கடக்கும் வேலைக்காரியும் இலையுதிர் காலத்தில் மகரந்தம் தின்றதுதான். அது மாதக்கணக்கில் வாழ்கிறது.

இன்னொன்று. சவ்வுக் கொழுப்பு கெடாமல் காக்கும் நொதி ஜிபிஎக்ஸ்4. அதன் ஜீனின் இரண்டு பிரதிகளில் ஒன்று இல்லாத சுண்டெலிகள் சீக்கிரம் சாகவில்லை, சற்றுக் கூடுதலாகவே வாழ்ந்தன. மனிதர்களிடமும் பார்த்தாயிற்று. கொழுப்பைக் காக்கும் வைட்டமின் ஈ-யை வருடக்கணக்கில் கொடுத்த அமெரிக்காவின் செலக்ட் ஆய்வில் ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17% கூடியது என்று 2011-ல் முடிவு வந்தது. கொழுப்பு கெடுவது மூப்பின் அடையாளம், அவ்வளவுதான்.

நெய்தல்நிலா:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். அப்பா தினமும் மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிடுகிறார். வைகை அண்ணா சொல்வதைப் பார்த்தால் நிறுத்தச் சொல்ல வேண்டுமா?

வைகைக்கரையான்:
வேண்டாம் தங்கச்சி. மூளைக்கும் விழித்திரைக்கும் டிஎச்ஏ இல்லாமல் முடியாது. சவ்வில் எது எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை உடம்பு பெரும்பாலும் தானே கட்டுப்படுத்துகிறது. மாத்திரை வேண்டுமா என்பதை அவரைப் பார்க்கும் டாக்டரிடம் கேளுங்கள்.

சுடர்விழி, வைட்டமின் ஈ தோற்றதால் கொழுப்புக்குப் பங்கில்லை என்று ஆகிவிடாது. அது வெளியிலிருந்து கொடுப்பது, சவ்வின் கட்டமைப்பு அப்படியேதான் இருக்கும். முதியவரின் இதயத் தசையை மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். நியூக்ளியசின் இரு முனையிலும் மஞ்சள் பழுப்பாக லிப்போஃபஸ்கின் துகள்கள் அடைந்து கிடக்கும். புறஊதா ஒளி பட்டால் ஒளிரும். கெட்ட கொழுப்பும் புரதமும் பின்னிக்கொண்டு, செல்லின் கழிவைச் செரிக்கும் பையான லைசோசோமால் செரிக்க முடியாமல் தங்கியவை. அந்த லைசோசோம் மற்ற கழிவுகளையும் சரியாக அகற்றாது. அங்கே அது வேலையைக் கெடுக்கும் காரணம்தானே?

சுடர்விழி:
துகள் இருப்பதை மறுக்கவில்லை. லைசோசோம் முதலில் தளர்ந்ததால் துகள் சேர்ந்ததா, துகள் சேர்ந்ததால் லைசோசோம் தளர்ந்ததா? அதைத்தான் கேட்கிறேன். விலங்குக்கு விலங்கு ஒப்பிட்டால் இதற்குப் பதில் வராது. நேக்கட் மோல் ரேட்டுக்கும் சுண்டெலிக்கும் கொழுப்பில் மட்டுமா வித்தியாசம்?

வைகைக்கரையான்:
சரி, அப்படியென்றால் ஒரே விலங்கில் பார்ப்போம். முதலில் கழலும் என்று சொன்னேனே, அந்த நடு ஹைட்ரஜனுக்குப் பதிலாக அதன் கனமான வகையான டியூட்டீரியம் வைத்த கொழுப்பு அமிலம் இருக்கிறது. சவ்வின் இளக்கம் மாறாது, கெடுவது மட்டும் வெகுவாகக் குறையும். சி. எலிகன்ஸ் புழுவுக்கு அதை ஊட்டியபோது ஆயுள் கூடியது.

சுடர்விழி:
இது நல்ல சோதனை. ஆனால் புழு போதாது. சுண்டெலிக்குப் பிறந்ததிலிருந்து சாகும்வரை ஊட்டி, வேறெதையும் மாற்றாமல் ஆயுள் கூடுகிறதா என்று காட்டட்டும். அதுவரை என் பக்கத்திலிருந்து நகர மாட்டேன்.