வட்டாரத் தேர்தல் வேலை: சம்பளமில்லாமல் அலைந்ததில் என்ன மிஞ்சியது?

கொட்டாஞ்சேனைக்காரன்
2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில், கொழும்பில் எங்கள் வட்டாரத்தில் ஒரு கட்சிக்காக இறங்கி வேலை செய்தேன். கட்சிப் பெயர் வேண்டாம், கதை வேறு பக்கம் போய்விடும். அடுத்த முறை இறங்க யோசிக்கிற தம்பி தங்கைகளுக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. முகநூலில் படம் போடுவதைக் குறைத்துக்கொண்டு கதவைத் தட்டுங்கள். எங்கள் பக்கத்தில் நெருக்கமாக வீடுகள் உள்ள தோட்டங்களில் பகலில் போனால் கிழவிமாரும் சின்னப் பிள்ளைகளும்தான் இருப்பார்கள். இரவு ஏழு மணிக்குப் போனால் வீட்டில் எல்லோரையும் பிடிக்கலாம்.

நாங்கள் அதிகம் விளக்கியது கொள்கையை அல்ல, வாக்குச் சீட்டை. "விருப்பு இலக்கம் என்ன தம்பி?" என்று வீட்டுக்கு வீடு கேட்டார்கள். பாராளுமன்றத் தேர்தலில் போல வேட்பாளருக்கென்று ஓர் இலக்கம் இதில் கிடையாது. சின்னத்துக்கு நேரே ஒரு புள்ளடி (X), அவ்வளவுதான். வட்டாரத்தில் நம் ஆள் தோற்றாலும் அந்த வாக்கு கட்சியின் மொத்தக் கணக்கில் சேரும் என்று சொன்னபோதுதான் பலர் நிமிர்ந்து பார்த்தார்கள். இதை எந்தப் போஸ்டர் சொல்லும்?

வெள்ளவத்தை வாசி
புள்ளடி பாடம் சரி அண்ணா. அப்புறம் என்ன நடந்தது என்பதையும் சொல்லுங்கள். 117 பேர் கொண்ட கொழும்பு மாநகர சபையில் முதலாவதாக வந்த தேசிய மக்கள் சக்திக்கே 48 இடம்தான். ஜூன் 16 அன்று மேயர் தெரிவு இரகசிய வாக்கெடுப்பில் நடந்து, அவர்களின் ஆள் 61க்கு 54 என்று வென்றார். யார் யாருக்குப் போட்டார்கள் என்று வாக்களித்த சனத்துக்கும் தெரியாது, அவர்களிடம் வாக்குக் கேட்டு அலைந்த உங்களுக்கும் தெரியாது. கட்சியின் மொத்த வாக்குக்குக் கிடைக்கும் விகிதாசாரப் பட்டியல் இடங்களுக்கு யாரை அனுப்புவது என்பதும் கட்சிச் செயலாளர் கையில். நீங்கள் இரவு ஏழு மணிக்குக் கதவு தட்டியது யாருக்காக?

கொட்டாஞ்சேனைக்காரன்
சட்டம் அப்படி இருக்கிறது, அதற்காக வீட்டில் இருக்கச் சொல்கிறீர்களா? 2023 மார்ச் 9 அன்று நடக்க வேண்டிய தேர்தல், காசில்லை என்று நின்றுபோனது. அதே மாதம் பழைய சபையும் கலைந்து, இரண்டு வருடத்துக்கு மேல் மாநகர ஆணையாளர்தான் நகரத்தை நடத்தினார். கேட்பதற்கு ஓர் உறுப்பினர்கூட இல்லாத அந்தக் காலத்தை விட இது மேல்.

மட்டக்குளி அக்கா
இரண்டு பேரும் மேலே பார்த்தே கதைக்கிறீர்கள். நானும் வேலை செய்தவள்தான், வேறு கட்சி. எங்கள் குழுவில் ஒரு கொப்பி இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் குறையைக் கேட்டு எழுதுவோம்: வடிகான் அடைத்திருக்கிறது, தெருவிளக்கு எரியவில்லை, ஆறாம் மாடிக்கு லிஃப்ட் வேலை செய்யவில்லை, தண்ணீர் பில் கூட வருகிறது. எழுதும்போது சனத்தின் முகத்தில் ஒரு நம்பிக்கை வரும் பாருங்கள். தேர்தல் முடிந்தது. கொப்பி எங்கே என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். தம்பி, உங்கள் கொப்பி எங்கே?

கொட்டாஞ்சேனைக்காரன்
எங்களிடம் கொப்பி இருக்கவில்லை அக்கா. குறை கேட்டு எழுதினால் வாக்குறுதி கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று சொல்லித் தவிர்த்தார்கள்.

வெள்ளவத்தை வாசி
அது கெட்டித்தனம்! ஆனால் அக்கா, உங்கள் கொப்பியில் பாதி மாநகர சபையின் வேலையே அல்ல. கான், குப்பை, தெருவிளக்கு சபைக்குரியவை. தொடர்மாடி லிஃப்ட் என்றால் நகர அபிவிருத்தி அதிகார சபையிடம் போக வேண்டும், தண்ணீர் பில்லுக்கு நீர் வழங்கல் சபை. அதைக்கூடப் பிரித்துச் சொல்லிக்கொடுக்காமல் பொடியன்களை வீடு வீடாக அனுப்புகிறார்கள். அவர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வருகிறார்கள். பிறகு திட்டு வாங்குவது அந்தப் பொடியன்தான், வேட்பாளர் அல்ல.

மட்டக்குளி அக்கா
அது உண்மை. என்னைச் சந்தையில் இன்னும் மறித்துக் கேட்கிறார்கள். ஆனால் ஒன்று, லிஃப்ட் யாருடைய பொறுப்பு என்று அந்த மாடிச் சனத்துக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அவர்கள் கேட்டது பழுது பார்க்கச் சொல்லி அல்ல, கூட வந்து கடிதம் கொடுக்க ஓர் ஆள். சிங்களத்தில் எழுதவும் கதைக்கவும் தெரிந்தவராக இருந்தால் நல்லது என்றார்கள்.

புதுமுகம்
அப்படியென்றால் கட்சியே வேண்டாம், சுயேச்சையாக எங்கள் வட்டாரத்தில் மட்டும் கேட்கலாமே?

வெள்ளவத்தை வாசி
முடியாது தம்பி. சுயேச்சைக் குழுவும் சபையின் எல்லா வட்டாரங்களுக்கும் சேர்த்துத்தான் வேட்புமனு கொடுக்க வேண்டும். கட்டுப்பணமும் கட்சிக்கு ஆளுக்கு 1,500 ரூபாய், உங்களுக்கு 5,000. சொந்தத் தெருவுக்காக நிற்க வேண்டுமென்றால் நகரத்தின் வடக்கே முகத்துவாரத்திலிருந்து தெற்கே பாமன்கடை வரை ஆள் பிடிக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனைக்காரன்
இதற்காகத்தான் கட்சிக்குள்ளேயே இருந்து சண்டை பிடிக்கச் சொல்கிறேன். வேட்பாளர் தெரிவில் கதவு தட்டியவனின் கருத்தையும் கேட்க வேண்டும் என்று இப்போதே கேளுங்கள். வேட்புமனுக் கிழமையில் கேட்டால் யாரும் போனைத் தூக்க மாட்டார்கள்.

மட்டக்குளி அக்கா
கேளுங்கள், நல்லது. நான் அடுத்த முறை எந்தக் கட்சி கூப்பிட்டாலும் கொப்பியின் பிரதி ஒன்று என் கையில் இருக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன். சம்மதமில்லை என்றால் வேறு ஆள் பார்க்கட்டும்.

வெள்ளவத்தை வாசி
வேறு ஆள் பார்ப்பார்கள் அக்கா. உடனே கிடைக்கும், அதுதான் பிரச்சினை.