எத்தனை ஸ்டேஜ் வேணும்னு போட்ட கணக்கு பொய்யான அனுபவம் இருக்கா?

டர்பன்லேர்ந்து எழுதுறேன். 2023ல ஜோஹன்னஸ்பர்க் பக்கம் ஒரு லேப்ல காப்பர் சால்வென்ட் எக்ஸ்ட்ராக்‌ஷன் வேலை, அதாவது தண்ணில கரைஞ்ச காப்பர தண்ணியோட கலக்காத ஆர்கானிக் சால்வென்ட்டுக்கு இழுக்குறது; ஒருதடவ கலக்கிப் பிரிக்குறது ஒரு ஸ்டேஜ். ஸ்டேஜ் எண்ணுற கிரெம்சர் ஃபார்முலா போட்டேன், எக்ஸ்ட்ராக்‌ஷன் ஃபேக்டர் 2 (சமநிலைல தண்ணில நிக்குறதப் போல ரெண்டு மடங்கு காப்பர் சால்வென்ட்ல), அப்போ 4 ஸ்டேஜ்ல தண்ணில காப்பர் மிச்சம் 31ல ஒரு பங்கு, அதாவது 3.2%. அதே அளவு சால்வென்ட்ட ஒரே தடவையா கலக்குனா 33% நின்னுடும், நாலு பங்காக்கி ஒவ்வொரு தடவையும் புதுசா ஊத்துனாலும் கிட்டத்தட்ட 20%. எதிரெதிரா ஓடவிட்டாதான் 3.2! எனக்கு அந்த எண்ணு அவ்ளோ புடிச்சுப்போச்சு.

நாலு செபரேட்டிங் ஃபனல் வச்சு காலைல ஆரம்பிச்சேன், நடுவுல லோட்ஷெட்டிங்னு கரண்ட் கட், ஷேக்கர் நின்னுபோச்சு, கையாலயே குலுக்குனேன். மேல ஆர்கானிக் பழுப்பா பிரிஞ்சு நிக்குது, கடைசி ஃபனல்ல அடித்தண்ணி நிறமே இல்லாம இருக்கணும், ஆனா வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா இன்னும் இளநீலம். டெஸ்ட் பண்ணா 11% மிச்சம்.

தப்பு என்னுதுதான். டிஸ்ட்ரிபியூஷன் கோஎஃபிஷியன்ட்ட (ஆர்கானிக்ல இருக்குற செறிவுக்கும் தண்ணில இருக்குற செறிவுக்கும் உள்ள விகிதம்) காஸ்டிக் சோடா சொட்டு சொட்டா விட்டு பிஎச் 2லயே நிறுத்தி அளந்திருந்தேன். ஓடுற சர்க்யூட்ல காஸ்டிக் ஏது? ஒரு காப்பர் ஆர்கானிக்குக்குப் போனா ரெண்டு ஹைட்ரஜன் அயனி தண்ணிக்கு வருது, 1 கிராம் காப்பருக்கு 1.54 கிராம் சல்ஃப்யூரிக் ஆசிட். உள்ள விட்ட தண்ணில லிட்டருக்கு 3 கிராம் காப்பர் இருந்துச்சு, கடைசில பிஎச் 1.2. அவ்ளோ ஆசிட்ல காப்பர் ஆர்கானிக்குக்கு ஏற மாட்டேங்குது. அப்புறம் காஸ்டிக் இல்லாம ஆர்கானிக்-தண்ணி விகிதத்த 5:1லேர்ந்து 1:5 வரைக்கும் மாத்தி மாத்திக் குலுக்கி, வந்த புள்ளிகள வச்சு வளைகோடு வரைஞ்சு மெக்கேப்-தீல் முறைல படி போட்டேன், ஒரு படி ஒரு ஸ்டேஜ். ஃபார்முலா நேர்கோடுன்னு நெனச்ச எடம் நல்லா வளைஞ்சு கெடந்துச்சு.

---

பதில் 1:
தம்பி, எனக்கு இதே கத ஃபீனால்ல. ம்புமலாங்கா மாகாணம் பக்கம், நிலக்கரிய கேஸாக்குறப்போ வர்ற கழிவுத்தண்ணிலேர்ந்து ஈதர் வச்சு எடுக்குறது. சுத்தத் தண்ணிக்கான கோஎஃபிஷியன்ட் மதிப்ப எடுத்து ஸ்டேஜ் எண்ணிட்டேன், எங்க தண்ணில அம்மோனியா, பிஎச் 9க்கு மேல, ஃபீனால் அயனியா மாறுனா ஈதர் பக்கமே எட்டிப் பாக்காது. பிஎச் கொறச்சப்புறம் கிரெம்சரே அழகா பொருந்துச்சு, ஃபீனால் அளவு கம்மி, கோடும் நேரா இருந்துச்சு.

---

பதில் 2:
அண்ணா, வரைபடத்துல வந்த படிய அப்படியே மிக்சர்-செட்லர் (கலக்கிப் பிரிய விடுற பெட்டி) எண்ணிக்கையா எழுதிடாதீங்க. ஒரு பெட்டில தண்ணியும் ஆர்கானிக்கும் முழு சமநிலைக்கு வர்றதே இல்ல. நான் ஒவ்வொரு பெட்டியோட ரெண்டு பக்கத்துலயும் சாம்பிள் எடுத்து அந்தப் புள்ளிய அதே படத்துல குத்திப் பாப்பேன், கோட்டுக்கு எவ்ளோ கீழ நிக்குதுன்னு அப்பதான் தெரியும்.