உறைக்கிணற்றில் வெள்ள நீர் இறங்கிவிட்டது: பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடலாம்?

கேள்வி (சீர்காழி வாசி):
எங்கள் கொல்லையிலுள்ள உறைக்கிணற்றின் விட்டம் 4 அடி. இப்போது 10 அடிக்குத் தண்ணீர் நிற்கிறது. சென்ற வார மழையில் தெருவெள்ளம் கைப்பிடிச் சுவரைத் தாண்டி உள்ளே இறங்கியதால் தேநீர் நிறத்திலிருந்த தண்ணீர், இரண்டே நாளில் தெளிந்துவிட்டது. படிகாரம் போட்டுக் குடிக்கலாம் என்கிறார் மாமியார். பிளீச்சிங் பவுடரை இரண்டு கை அள்ளிப் போடச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். சரியான அளவை அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (கொள்ளிடக்கரை):
அம்மா, படிகாரம் கலங்கலை அடியில் படியவைக்குமே தவிர கிருமியைக் கொல்லாது. முதலில் மோட்டார் வைத்து இறைத்துவிடுங்கள். ஆனால் மண் ஊறியிருக்கும் இந்நேரத்தில் ஒரேயடியாக வற்ற இறைத்தால் உறைகள் சரியக்கூடும் என்பதால், சிறிது சிறிதாக இறைப்பதே நல்லது. புது ஊற்று நின்றபின், விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, நீரின் உயரத்தாலும் 22-ஆலும் பெருக்கினால் (எல்லாம் அடிக்கணக்கில்) ஏறத்தாழ லிட்டர் கணக்கு வந்துவிடும். மீண்டும் 10 அடி ஊறினால் சுமார் 3,500 லிட்டர். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு 1,000 லிட்டருக்கு 150 கிராம் வீதம் அரைக்கிலோவுக்குச் சற்று மேல் தேவைப்படும்.

தூளை அப்படியே கொட்டாதீர்கள். ஒரு வாளிக்கு 100 கிராமுக்கு மிகாமல் எடுத்து, முதலில் களிபோலக் குழைத்து, பிறகு நீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் தெளிவை மட்டும் வேறு வாளியில் இறுத்து, கயிற்றில் கட்டி நீருக்குள் இறக்கி, மேலும் கீழுமாக இழுத்து அலசுங்கள். அடிச் சுண்ணாம்பும் கிணற்றில் விழுந்தால் நீரின் கடினத்தன்மைதான் கூடும். 12 மணி நேரம் கழித்து, குளோரின் நெடி போகும்வரை இறைத்துக் கொட்டிவிடுங்கள்.

மறுமொழி 2 (பழைய பம்ப் மெக்கானிக்):
மேலே சொன்ன அளவு, குளோரின் 33 சதவீதம் உள்ள புதுத் தூளுக்குத்தான் பொருந்தும். வாய் திறந்தே கிடந்த பொட்டலத்தில் நெடி போயிருந்தால் அது வெறும் சுண்ணாம்பு. அதை எத்தனை கை அள்ளிப் போட்டும் பயனில்லை. மருந்து கலந்த நீரை மேல்தொட்டிக்கும் ஏற்றி, ஒவ்வொரு குழாயிலும் நெடி வரும்வரை திறந்துவிட்டு மூடிவையுங்கள். பலர் கிணற்றைச் சுத்தம் செய்துவிட்டுக் குழாயை மறந்துவிடுகிறார்கள். தூர் வார யாரையும் உடனே உள்ளே இறக்காதீர்கள். காற்றோட்டமில்லாத கிணறு ஆளைக் கொல்லும்.

சீர்காழி வாசி:
மிக்க நன்றி ஐயா. இதற்குப்பின் வாரந்தோறும் போட வேண்டுமா?

கொள்ளிடக்கரை:
வழக்கமான அளவு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம்தான், உங்கள் கிணற்றுக்கு ஏறக்குறைய 9 கிராம். இரவில் கடைசிக் குடம் எடுத்தபின் போட்டால், விடியும்வரை தண்ணீர் அசையாமல் நிற்கும். ஒரு மணி நேரமாவது அப்படி நிற்க வேண்டும். பிறகு சோதனைப் பெட்டியில் பார்க்கும்போது, எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் இருந்தால் போதுமானது. செப்டிக் டேங்க் 50 அடிக்குள் இருந்தால் மட்டும் சொல்லுங்கள். அப்படியானால் நாள்தோறும் மருந்து போட்டாலும் தீராது, தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும்.