ஸ்கேஃபோல்டிங்: கொழுகொம்பா, சாரமா?

அனைவருக்கும் வணக்கம். பிள்ளை தானே செய்யக் கற்கும்வரை சொல்லித்தருபவர் தற்காலிகமாகத் தரும் உதவியைக் கல்வியியலில் ‘ஸ்கேஃபோல்டிங்’ என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலுக்காக அதற்கொரு தமிழ்ச் சொல் தேடுகிறோம். வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> ‘கொழுகொம்பு’ என்று வைக்கலாமே, நல்ல பழஞ்சொல்.

எனக்கும் பிடித்த சொல்தான், ஐயா. ஆனால் கொடிக்குக் கொழுகொம்பு கடைசிவரை வேண்டும். பிடுங்கினால் கொடி சாய்ந்துவிடும். நாம் பெயர் தேடும் உதவியோ விலக்கிக்கொள்வதற்கென்றே தரப்படுவது. உளவியலாளர்கள் உட், புரூனர், ராஸ் மூவரும் 1976-இல் ‘ஸ்கேஃபோல்டிங்’ என்ற சொல்லை ஆண்ட ஆய்வில், 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள் 21 மரக்கட்டைகளைக் கொண்டு பிரமிடு கட்டினார்கள். பிள்ளை தானே செய்யக்கூடியதைச் செய்ய விட்டு, திணறும் இடத்தில் மட்டும் கைகொடுப்பதுதான் அங்கே சொல்லித்தருபவரின் வேலை. (இக்கருத்தோடு சேர்த்துப் பேசப்படும் ரஷ்ய உளவியலாளர் விகோட்ஸ்கி 1934-லேயே மறைந்துவிட்டார். இச்சொல்லை அவர் பெயரில் ஏற்ற வேண்டாம்.)

வகுப்பில் பார்ப்போம். 1/3-ஐயும் 1/4-ஐயும் கூட்டி 2/7 என்று ஒரு பிள்ளை எழுதுகிறது. சரியான வழியைப் பலகையில் எழுதிப்போட்டால் பார்த்து எழுதிக்கொள்ளும், அவ்வளவே. 21 செ.மீ. காகிதப் பட்டை ஒன்றைக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். மூன்றில் ஒரு பங்கு 7 செ.மீ.; ஏழில் இரண்டு பங்கு 6 செ.மீ. ‘கூட்டின பிறகு குறைஞ்சுபோச்சே!’ என்று பிள்ளைக்கே உறைக்கும். தான் எழுதியதைத் தானே கலைத்துக் கட்டத் தொடங்கும் இடம் அது. அடுத்த கணக்குக்குப் பட்டை கிடையாது. ‘விடை பெருசா வருமா, சின்னதா வருமா?’ என்ற கேள்வி மட்டும். அதற்கடுத்த கணக்குக்கு அதுவும் கிடையாது.

கொத்தனாரிடம் இதற்குச் சொல் தயாராக இருக்கிறது: சாரம் கட்டுவது, சாரம் பிரிப்பது. இரண்டாவது கிடைப்பதுதான் எனக்குப் பெரிய லாபமாகப் படுகிறது. உதவியை மெல்ல மெல்ல விலக்கிக்கொள்வதைக் குறிக்கும் ‘ஃபேடிங்’ என்பதற்கு ‘மங்குதல்’ என்று உயிரில்லாமல் எழுத வேண்டியதில்லை.

> ‘கற்றல் சாரம்’ என்றால் கற்றதன் சுருக்கம் என்றல்லவா படிப்பார்கள்?

நியாயமான ஐயம். அதனால்தான் ‘சாரம்’ என்று தனியே விடாமல், ‘சாரங்கட்டல்’, ‘சாரம் பிரித்தல்’ என்று வினையோடு சேர்த்தே ஆள வேண்டும் என்கிறேன். கட்டுவதும் பிரிப்பதும் சுருக்கத்துக்குப் பொருந்தாதே.

‘ஸ்கேஃபோல்டிங்’குக்கு ‘படிநிலை உதவி’ என்று வைத்தாலோ, அது விளக்கமாகத்தான் நிற்கிறது, சொல்லாகவில்லை. உதவி படிப்படியாகக் கூடும் என்றும் அதில் தொனிக்கிறது.

பட்டியலில் சேர்க்கும்போது ‘சாரங்கட்டல்’, ‘சாரம் பிரித்தல்’ இரண்டையும் அடுத்தடுத்தே போட வேண்டுகிறேன். முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்ட வகுப்புகளில், பட்டையை ஆண்டு முழுக்கக் கையிலேயே கொடுத்துவைத்திருப்பதைப் பார்க்கிறோம்.